நடுச்சாமத்தில் எழுந்து ஆடும் ஊர்: நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டும் கொடை இரவும்

ஊர்த்தெய்வத்துக்கு எடுக்கும் கொடை விழாவின் இரவில் நடுச்சாமம் நெருங்கும்போது, வில்லுப்பாட்டுக் குழுவை நடத்தும் அண்ணாவியின் பார்வை மாறிவிடும். மாலையிலிருந்து அவர் கூட்டத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். முன்வரிசைக் குழந்தைகளைச் சிரிக்க வைத்தார். பிந்தி வந்து உட்கார்ந்த ஊர்ப்பெரியவருக்குப் பாட்டிலேயே ஒரு வணக்கம் சொன்னார். இப்போது அவர் கண் ஒரே ஒருவர்மேல் நிற்கிறது. கோயில் நடையை ஒட்டிக் கைகட்டி நிற்கும் சாமியாடியின்மேல். கதையில் கொலை நடக்கப்போகிறது. சாமியாடியின் தோள் லேசாக அதிர்கிறது. அண்ணாவி அதைக் கவனித்துவிட்டார். வீசுகோல் ஓங்கி நாணில் விழுகிறது. உடுக்கைக்காரர் காலத்தை முடுக்குகிறார். குடத்தின் வாயில் பத்தி விழும் ஓசை கேட்பவர் நெஞ்சுக்குள் இறங்குகிறது. பின்னாலிருந்து ஒரு பெண் குரவையிடுகிறாள். அடுத்த மூச்சுக்குள் பத்து, இருபது குரவைகள் சேர்ந்துகொள்கின்றன. சாமியாடி துள்ளி நடுவில் வந்து விழுகிறார்.

அதற்குமேல் அங்கே பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் ஆடுகிறார். அவரைத் தாங்கிப்பிடிக்க நாலுபேர் ஓடுகிறார்கள். ஒருவர் மஞ்சணை கொண்டுவருகிறார், இன்னொருவர் கமுகம்பூவை எடுத்துக் கையில் கொடுக்கிறார். மாலையிலிருந்து கவனத்தின் மையமாக இருந்த பாட்டுக்குழு ஆடுகிறவருக்குப் பக்கவாத்தியமாக ஆகிவிடுகிறது.

கேட்க வந்த கூட்டத்தையே நிகழ்ச்சியாக மாற்றிவிடும் கலையை இன்று நாம் பெருநகர லைவ் கான்சர்ட்டுகளோடு சேர்த்தே நினைக்கிறோம். ஒளிவெள்ளம், ஆளுயர ஒலிப்பெட்டிகள், கையை உயர்த்திக் குதிக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள். அது மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. நாஞ்சில் நாட்டுக் கொடை இரவை ஊன்றிப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. கூட்டத்தை எப்படி ஏற்றுவது என்பதை ஒரு தொழிலறிவாகவே இங்கே தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, ஏற்றிய கூட்டத்தை எப்படி இறக்குவது என்பதையும் சேர்த்தே வளர்த்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் இன்றைய மேடைகள் தொலைத்துவிட்டன என்பது என் கருத்து.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்த நிலம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் அன்று தமிழகத்தோடு இணைந்தன. அவற்றில் நாஞ்சில் நாடு என்று வழங்குவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைந்த ஊர்கள். கும்பப்பூ அறுப்பு முடிந்து களம் காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் பெரும்பாலான கொடைகள் வரும். முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன், சாஸ்தா, வாதைகள் என்று ஊர்தோறும் தெய்வங்கள் உண்டு. செலவைத் தலைக்கட்டு வரியாகப் பிரிப்பார்கள். இந்த வரிக்கு நம் விஷயத்தில் முக்கியமான இடம் உண்டு. கொடைப்பந்தலில் உட்கார்ந்திருப்பவர் யாரும் நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர் இல்லை. வரி கொடுத்த பங்காளி. நிகழ்ச்சி அவருடையது. அது சரியாக நடக்கவில்லையென்றால் குற்றமும் அவரையே சேரும்.

முதலில் வில்லைப் பார்ப்போம். ஆளுயரத்தை மிஞ்சும் நீளம், வளைந்த மரத்தண்டு, இழுத்துக் கட்டிய நாண், வரிசையாகக் கோத்த வெண்கல மணிகள். வளைவின் நடுப்பகுதி தரையில் வைத்த மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும், நாண் மேலே நிற்கும். அண்ணாவி இரண்டு வீசுகோல்களை ஏந்தி நாணில் அடிக்கிறார். வீசுகோலிலும் மணி உண்டு. ஆகவே ஒவ்வோர் அடியிலும் நாணின் அதிர்வு, வில்மணியின் கலகலப்பு, வீசுகோலின் சிலம்பல் என்று மூன்று ஓசைகள் ஒன்றாக எழும். குடத்துக்காரர் விசிறி போன்ற பத்தியால் குடவாயை அடிப்பார். உள்ளே அடைபட்ட காற்று திமிறி வெளியேறும் அந்த ஆழ்ந்த 'தொம்' ஓசையே இந்தக் கலையின் அடித்தளம். இன்றைய ஒலிப்பொறியாளர் ஆளுயரப் பெட்டியை வைத்துத் தேடும் கீழ்ச்சுருதியை ஒரு மண்குடம் தந்துவிடுகிறது. அதற்குமேல் உடுக்கை, ஜால்ரா, கட்டை. குடம் கீழே, உடுக்கை நடுவே, மணியும் ஜால்ராவும் மேலே. ஒன்றின் இடத்தை இன்னொன்று மறைக்காத ஒலியமைப்பு இது. மின்சாரமும் மைக்கும் வருவதற்கு முன்பே திறந்தவெளியில் கூட்டத்தின் கடைசி வரிசை வரை எட்டுவதற்கென்று ஊர்க்கலைஞர்கள் கண்டு வைத்த அமைப்பு.

குழு உட்காரும் விதத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அண்ணாவி நடுவில். அவருக்கு வலப்பக்கம் வலத்தே பாடுகிறவர்கள், இடப்பக்கம் இடத்தே பாடுகிறவர்கள். ஒரு பக்கம் அடியை எடுத்துக்கொடுத்தால் மறுபக்கம் வாங்கிக்கொள்ளும். 'ஆமா' என்று ஒருவர் போடும் ஒற்றைச் சொல்லில் கதை அடுத்த படிக்கு நகரும். சில நேரம் அது ஒப்புதல், சில நேரம் வியப்பு, சில நேரம் அழுகை. கூட்டம் பிற்பாடு செய்யப்போகும் எதிர்வினையைக் குழுவுக்குள்ளேயே ஒருவர் முன்கூட்டிச் செய்து காட்டுகிறார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அவரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டமும் மெதுவாக வாய் திறக்கும்.

கொடை பொதுவாகக் குடியழைப்பில் தொடங்கும். தெய்வத்தை வரச்சொல்லி அழைப்பது முதல் நாள் மாலை. மறுநாள் மதியக் கொடை, அன்றைக்கு இரவே நடுச்சாமப் பூசை. அதன் பிறகு முடிப்புச் சடங்குகள். வில்லுப்பாட்டு இந்த ஒழுங்கின் ஊடே ஓடுகிறது. ஓட்டம் எப்போதும் மெதுவாகவே தொடங்கும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம் என்று ஒவ்வொன்றாக வரும். அவசரப்படுகிற இளைஞருக்கு இது சலிப்பாக இருக்கலாம். ஆனால் இந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடப்பது கூட்டத்தைக் கட்டும் வேலை. வருபொருள் சொல்லும்போது இன்று யாருடைய கதை, அதன் முடிவு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒளித்து வைத்த திருப்பம் எதுவும் கிடையாது. கொலையுண்டவர் கொலையுண்டே தீருவார். அந்த முடிவை நோக்கி எல்லோரும் ஒன்றாக நடந்து போகிறார்கள் என்பதுதான் இங்கே சுவை.

நாட்டு வளத்தில் அண்ணாவி ஆறு, குளம், வயல், மலை என்று பாடும்போது சொந்த நிலம் கதைக்குள் வந்துவிடுகிறது. முன்னிரவில் வசனம் நிறைய இருக்கும். நகைச்சுவை இருக்கும், ஊர்ச்செய்தி நுழையும், உலகியல் அறிவுரை நுழையும். குழந்தைகள் அங்கேயே தூங்கிப் போவார்கள். பெண்கள் பொங்கலிட எழுந்து போய் வருவார்கள். இரவு ஏற ஏற வசனம் குறைந்து பாட்டு கூடுகிறது. கொலைப் பகுதிக்குள் போனபிறகு விளக்கத்துக்கு இடமே இல்லை. ஒரே அடி இரண்டு முறை, மூன்று முறை திரும்பிவரும். தாளம் நெருங்கும்.

கதைகள் யாருடையவை என்று பார்த்தால் இந்த வேகத்தின் ஊற்று தெரியும். முத்துப்பட்டன் கதையில் பிராமண இளைஞன் சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாட்டைக் காக்கும் சண்டையில் மாள்கிறான். ஆய்வாளர் நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் அதைப் பதிப்பித்தபோதுதான் படித்த உலகம் அதைக் கவனித்தது. தம்பிமார் கதை மார்த்தாண்டவர்மாவின் கையால் அழிந்த வலிய தம்பி, குஞ்சுத் தம்பியைப் பாடுகிறது. திருவிதாங்கூர் அரச வரலாற்றில் அவர்கள் துரோகிகள், வில்லில் அவர்கள் தெய்வங்கள். இரவிக்குட்டிப் பிள்ளை 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படையோடு பொருது கணியாகுளத்தில் விழுந்தவர். கணியாகுளம் நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர். போர்க்களத்துக்குச் சைக்கிளில் போய்வரக்கூடிய தொலைவில் இருந்துகொண்டு அந்தப் போரின் பாட்டைக் கேட்கிறார்கள். தோற்றவர், வெட்டுப்பட்டவர், ஏமாற்றப்பட்ட பெண், அநியாயமாகச் செத்தவர். வில்லின் நாயகர்கள் பெரும்பாலும் இவர்களே. பந்தலில் இருப்பவர்கள் அந்தச் சாவின் பங்காளிகள், வாரிசுகள், அல்லது அந்தச் சாவின் பழிக்கு அஞ்சிக் கோயில் எடுத்தவர்களின் வழிவந்தவர்கள். நம் வீட்டுச் சாவைப் பத்து வாத்தியம் வைத்து விடிய விடியப் பாடினால் யாரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்?

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களின் பிற்பகுதியில் நாகர்கோவில் வட்டாரத்தில் தங்கி, கொடை கொடையாகச் சென்று ஒலிப்பதிவு செய்தார். 1988இல் வெளிவந்த அவருடைய நூல் பிறப்பையும் இறப்பையும் பாடுவது பற்றியது, தலைப்பும் அதுவே. தெய்வப் பிறவியாக வந்தவரின் கதை, வெட்டுப்பட்டு வாதையானவரின் கதை என்று மக்களே செய்துவைத்திருக்கும் பகுப்பை அவர் தம் ஆய்வின் முதுகெலும்பாக எடுத்துக்கொண்டார். பிறவிக் கதைகள் கொடையின் ஓரங்களில் வரும், இறப்புக் கதைகள் நடுவில் வரும், ஆட்டம் உச்சம் பெறுவது அந்த நடுவில்தான் என்று காட்டினார். இன்னொரு செய்தி எனக்கு இன்றும் வியப்பானது. ஏட்டுச் சுவடியையும் பாடப்பட்டதையும் அவர் வரிக்கு வரி ஒப்பிட்டபோது இரண்டும் மிக நெருங்கி இருந்தன. வாய்மொழிக் கலை என்றால் பாடகர் அந்தந்த நேரத்தில் புனைந்துகொண்டே போவார் என்று உலகமெங்கும் ஆய்வாளர்கள் நம்பியிருந்த காலம் அது. நாஞ்சில் நாட்டு அண்ணாவி பாட்டின் வரிகளைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. எங்கே வேகம் கூட்டுவது, எந்த வரியை நிறுத்தித் திருப்பிப் பாடுவது, எப்போது உடுக்கைக்கு இடம் விடுவது, இவற்றைத்தான் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தீர்மானிக்கிறார். அவர் சுதந்திரம் சொல்லில் இல்லை, காலத்தில் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்தபடி இந்தக் கலைகளை வாழ்நாள் முழுக்கத் தேடித்தொகுத்த அ.கா. பெருமாளின் நூல்களில் ஒன்றுக்குத் தலைப்பு 'சடங்கில் கரைந்த கலைகள்'. இதைவிடச் சரியாக இந்த உறவைச் சொல்லிவிட முடியாது.

கொட்டுத்தான் ஆட வைக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. 1962இல் ஆண்ட்ரூ நெஹர் என்ற ஆய்வாளர் பறையடியின் வேகம் மூளையலைகளைத் தன் பக்கம் இழுத்து மனிதரை மயக்குகிறது என்று எழுதினார். பிரெஞ்சு இசையியலாளர் ழில்பேர் ரூஷே 1980இல் வெளியிட்ட பெருநூலில் இதைக் கடுமையாக மறுத்தார். அப்படியானால் ஆண்டு முழுக்கக் கொட்டு கேட்கும் ஆப்பிரிக்க ஊர்களில் பாதிப்பேர் எந்நேரமும் மயக்கத்திலேயே இருக்க வேண்டுமே என்பது அவர் வாதத்தின் சாரம். இசை யாருக்கு, எந்தச் சடங்கில், என்ன நம்பிக்கையோடு ஒலிக்கிறது என்பதே முடிவு செய்கிறது என்றார். கொடையைப் பார்த்தவர்களுக்கு ரூஷே சொல்வது உடனே விளங்கும். இருநூறு பேர் ஒரே உடுக்கையைக் கேட்கிறார்கள். ஆடுகிறவர்கள் சிலர். அவர்களும் தங்கள் தெய்வத்தின் கதை வரும்போது ஆடுகிறார்களே தவிர எந்தக் கதைக்கும் ஆடிவிடுவதில்லை.

கேட்பவர் யார் என்பதே முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தீமிதி உண்டு. அங்கே மிதித்தவர்கள், அவர்களுடைய உறவினர்கள், வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆகிய மூன்று தரப்பின் இதயத்துடிப்பையும் அளந்து 2011இல் ஒரு ஆய்வுக்குழு முடிவு வெளியிட்டது. மிதித்தவரின் துடிப்போடு உறவினர் துடிப்பு ஒத்து ஏறி இறங்கியது. உறவில்லாதவர் துடிப்பு அப்படி ஒத்துப்போகவில்லை. அதே தீ, அதே இரவு, அதே இரைச்சல்தான். சாமியாடி துள்ளுவதற்கு ஒரு கணம் முந்தியே அவர் மனைவியும் தம்பியும் எழுந்து நிற்பதைக் கொடையில் காணலாம். அளவுகருவி இல்லாமலே நம் ஊரார் அறிந்திருந்த விஷயம் இது. ஆக்ஸ்ஃபோர்டில் பிரான்வின் டார், ராபின் டன்பார் முதலியோர் காதுக்குள் இசை கேட்டு ஆடும் குழுக்களை வைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ஒரே அசைவில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியது, ஒருவர்மேல் ஒருவருக்கு நெருக்கமும் கூடியது. ஒலிபெருக்கியின் அளவைவிடச் சேர்ந்து அசைவதற்கே வலிமை அதிகம் என்று நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

இனி இறக்கம். இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, ஆனால் இதில்தான் கலையின் முதிர்ச்சி இருக்கிறது. கொலை முடிந்ததும் வில்லுக்கதை முடிந்துவிடுவதில்லை. செத்தவர் கயிலாயம் போகிறார். சிவனிடம் முறையிடுகிறார். வரம் வாங்குகிறார். பழி தீர்க்கிறார். பிறகு இந்த ஊருக்கு வந்து இந்த இடத்தில் நிலையம் கொள்கிறார். கதை எங்கே இறங்குகிறதோ அது நாம் உட்கார்ந்திருக்கும் கோயில் முற்றம். வெட்டுப்பட்டவரின் வெறி காவல் தெய்வத்தின் அருளாக மாறும்வரை அண்ணாவி கூட்டத்தை விடுவதில்லை. தாளம் படிப்படியாகத் தளர்கிறது. ஆடியவர் நின்று திருநீறு போடுகிறார், கேட்டவர்களுக்கு வாக்குச் சொல்கிறார். சுடலை என்றால் பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்த் திரும்பிவர வேண்டும். போகும்போது துணைக்கு யார், வந்ததும் தண்ணீர் கொடுப்பது யார் என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. படைத்த சோற்றை எல்லோரும் பகிர்ந்து உண்கிறார்கள். மஞ்சள்நீர் தெளிக்கிறார்கள். கடைசியாக வாழி பாடுகிறார் அண்ணாவி. தெய்வம் வாழி, ஊர் வாழி, மழை வாழி, கேட்டவர் வாழி. இரவு முழுக்க ஒரு சாவைச் சுற்றிக் கொதித்த கூட்டம் தன் பெயரைச் சொல்லி வாழ்த்தும் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறது.

இதே மண்ணில் உடன்பிறந்த கலைகளும் உண்டு. கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள் முழங்க, பெண்வேடம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள். கதையின் உச்சியில் கணியான் தன் கையைக் கீறி இரத்தம் சிந்தும் கைவெட்டுச் சடங்கும் உண்டு. நையாண்டி மேளம் கரகத்தோடு தெருவை ஆட வைக்கும். சிங்காரி மேளம் மலையாள நாட்டின் செண்டையை எடுத்துக்கொண்டு வந்தது. வாசிப்பவர்களே வரிசையாக அசைந்து குதிப்பதால், சடங்குக் கதையின் துணை இல்லாமலே அது கூட்டத்தைத் துள்ள வைத்துவிடுகிறது. இன்று மாவட்டத்தில் கோயில் விழா, தேவாலயத் திருவிழா இரண்டிலும் அதைக் கேட்கலாம்.

வில்லு கொடையை விட்டு வெளியே வந்த வரலாறும் இந்த மாவட்டத்தில்தான் தொடங்குகிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், இளமையில் தம் ஊரில் கேட்டுப் பழகிய வில்லை எடுத்துக் காந்தியின் கதையைப் பாடினார். அவரோடு சேர்ந்து பணியாற்றிய சுப்பு ஆறுமுகம் அதைச் சென்னை சபாக்களுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். அவர்களால் வில்லின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதே நேரத்தில் நடுச்சாமம் போனது, சாமியாடி போனார், குரவை போனது. வில்லு அங்கே இரண்டு மணி நேரக் கருத்துப் பிரசாரமாக, நல்ல நகைச்சுவையாக நின்றது. அந்தப் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் பூங்கனி அம்மாள் சிறுவயதில் வில்லைத் தொட்டு, கோயில் கோயிலாகப் பாடி, ஆண்கள் கோலோச்சிய அண்ணாவி இடத்தில் உட்கார்ந்து, ஒரு ஊரையே எழுந்து ஆட வைத்தார். அவர் 2018 நவம்பரில் மறைந்தபோதுதான் பெரும்பாலான தமிழர்கள் அவர் பெயரை முதன்முதலாகப் படித்தார்கள். இந்த ஏற்றத்தாழ்வு என்னை இன்றும் உறுத்துகிறது.

பழையதெல்லாம் பொன் என்றும் சொல்லிவிடக் கூடாது. கொடைக் கோயில்கள் பெரும்பாலும் ஒரு சாதியின், ஒரு குடும்பத்தின் கோயில்கள். பங்காளி என்ற சொல் உள்ளே இருப்பவரை அணைப்பதுபோலவே வெளியே இருப்பவரைத் தள்ளியும் வைத்தது. கொட்டுக்காரருக்கும் ஆட்டக்காரருக்கும் கிடைத்த கூலியும் மரியாதையும் பல இடங்களில் குறைவு. பெண்ணுக்கு அருள் வந்தால் அதை எவ்வளவு நேரம் ஊர் பொறுக்கும் என்பதிலும் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி இருந்தது. அந்த வேலியைத் தாண்டியும் இதே வலிமையைக் கொண்டுவர முடியும் என்பதற்குச் சான்று வேறெங்கோ தேட வேண்டியதில்லை. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதல் கச்சேரி நடத்தியது. கானாவும் பறையும் கித்தாரும் சேர்ந்து ஒலிக்க, தம் வாழ்வின் கதையையே பாட்டாகக் கேட்ட கூட்டம் கூடவே பாடியது, ஆடியது. தன் கதையைக் கேட்கிற கூட்டத்துக்கு ஆடச்சொல்லித் தர வேண்டியதில்லை. வில்லு காட்டும் பாடமும் அதுவே.

இப்போது கொடைகளுக்கு வந்திருக்கும் மாற்றத்தைப் பார்ப்போம். மூன்று நாள் நிகழ்ச்சிநிரலில் வில்லுக்கு ஒதுக்கும் நேரம் சுருங்குகிறது. அந்த இடத்தில் இன்னிசைக் கச்சேரி, ஆடல்பாடல், அடுக்கடுக்காக ஒலிப்பெட்டி ஏற்றிய வண்டி. ஆடல்பாடலுக்கு அனுமதி கேட்டு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு மனுக்கள் போவதும், ஆபாசம் கூடாது, சாதிப்பாட்டு கூடாது என்று நிபந்தனைகளோடு அனுமதி வருவதும் வாடிக்கையாகிவிட்டது. இளைஞர்கள் அதைக் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆட விரும்புவது குற்றமா? வருத்தம் வேறு. வில்லின் நடுவே ஒலிப்பெட்டியின் அலறல் நுழையும்போது குடமும் உடுக்கையும் தங்கள் இடத்தை இழக்கின்றன. அதைவிடப் பெரிய இழப்பு, உயரமான மேடையும் முகத்தில் அடிக்கும் விளக்கும் வந்ததும் அண்ணாவியால் சாமியாடியின் தோளைப் பார்க்க முடிவதில்லை. பார்க்காமல் பாடினால் அது வெறும் பாட்டு.

சட்டமும் இங்கே வருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். 2005இல் உச்ச நீதிமன்றமும் இந்த வரம்பை உறுதிசெய்தது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்பது அளவு. நோயாளியும் கைக்குழந்தையும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உள்ள ஊரில் இந்தச் சட்டம் தேவையானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஏழு மணி தாண்டி வில்லு வைத்து, நடுவில் ஒரு மணி நேரம் பேச்சாளர்களுக்கும் பொன்னாடைக்கும் கொடுத்துவிட்டு, 10 மணிக்கு நிறுத்தச் சொன்னால் அண்ணாவி என்ன செய்வார்? காப்பைச் சுருக்குவார், நாட்டு வளத்தை விடுவார், நேராகக் கொலைக்குப் போவார். அதன்பின் கயிலாயமும் வரமும் வாழியும் நாலே வரி. ஏற்றத்துக்கு வேண்டிய பொறுமையும் போய்விட்டது, இறக்கத்துக்கு வேண்டிய நேரமும் போய்விட்டது.

இறக்கம் தெரியாத பெருங்கூட்டம் எப்படி இருக்கும் என்பதை அண்மையில் கண்டோம். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரிக்குச் சீட்டு வாங்கியும் உள்ளே போக முடியாமல் ஏராளமானோர் நெரிசலில் தவித்துத் திரும்பினார்கள். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஒரு கச்சேரி தொடங்கும் முன்பே, மழைக்கு ஒதுங்க நெருக்கிய கூட்டத்தில் 4 உயிர்கள் போயின. 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிராவிஸ் ஸ்காட் மேடையின் முன்னே நெரிபட்டு 10 பேர் இறந்தார்கள். இவற்றுக்கெல்லாம் உடனடிக் காரணம் வாசல், படிக்கட்டு, அளவுமீறிய கூட்டம் என்று நிர்வாகக் குறைகளே. கொடையின் இருநூறு பேரோடு பல்லாயிரம் பேரை அப்படியே ஒப்பிடவும் முடியாது. இருந்தாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கொடையில் ஆடுகிறவர் விழுந்தால் தாங்குகிற கை யாருடையது என்பது ஊருக்கே தெரியும். பெரிய மைதானத்தில் நம் பக்கத்தில் நிற்பவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. மேடையில் இருப்பவர் கூட்டத்தில் ஒருவர் மூச்சுத்திணறுவதைப் பார்க்கும் இடத்தில் இருக்கிறாரா, பார்த்தால் தாளத்தை நிறுத்தும் பழக்கம் அவருக்கு உண்டா? அண்ணாவிக்கு அது முதல் பாடம்.

கொடை நடத்தும் ஊர்க்கமிட்டியாருக்கு என் வேண்டுகோள் இது. பொழுது சாயும் ஐந்தரை மணிக்கே வில்லை வையுங்கள். பொன்னாடையும் பேச்சும் மறுநாளுக்குப் போகட்டும். அண்ணாவிக்கு இடைவெட்டு இல்லாமல் நாலரை மணி நேரம் கொடுங்கள். ஆடல்பாடல் வேண்டுமென்றால் அதற்கு வேறு ஒரு நாள் வையுங்கள், வில்லின் நாளில் வேண்டாம். பாட்டுக்குழுவை மேடையேற்றாமல் சாமியாடிக்கு எதிரே தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார வையுங்கள். ஒலிப்பெட்டியைக் குடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கூலியைப் பேசும்போது உடுக்கைக்காரருக்கும் குடத்துக்காரருக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று கேட்டுக் கொடுங்கள். அடுத்த பங்குனியில் உங்கள் ஊர் முற்றத்தில் வாழி பாடி முடிக்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்காது.